கடையாணியும் ஒரு கடிதமும்

போன வருடம் கார்த்திகை முடிந்த சமயம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். இதே நாக்பூர் கிளையில் எனக்கு முன்னால் வேலை பார்த்துவிட்டு, குவஹாத்திக்கு மாற்றலாகிப் போன கோவைக்காரர். இருவருமே ஒருவரை ஒருவர் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பேங்க்கில் அது ஒரு தீராத வியாதி.

“சார், வண்டி நல்லா ஓடுதா?”

வண்டி என்று அவர் கேட்டது அவருடைய பழைய காரை. குவஹாத்திக்குப் போகும்போது என்னிடம் விற்றுவிட்டுப் போனார்.

“ஓடுது சார். ஏன் கேக்கறீங்க?”

“லீவுல ஊருக்கு வந்தேன். முன்னாடி பீளமேட்டுல குடியிருந்தோம்ல, அந்த வீட்டு ஓனரம்மா ஒரு கவர் எடுத்து வெச்சிருந்தாங்க. கார் கம்பெனி லெட்டர். முன் சக்கரத்துல ஏதோ பால் ஜாயின்ட் சரியில்லையாம். கழண்டு போனாலும் போகலாமாம். ஃப்ரீயா மாத்தித் தர்றோம்னு எழுதியிருக்காங்க. தேதியப் பார்த்தா ஒன்றரை வருஷம் ஆச்சு சார்.”

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் அதே காரில் இரண்டு முறை திருநெல்வேலிக்குப் போய் வந்திருக்கிறோம். நாக்பூரில் ஏறினால் ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை என்று ஒரே 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான். ஒரு வழிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்.

கம்பெனி பெயர் வேண்டாம். கீழே பெயர் வரும் எந்த நிறுவனமும் அல்ல. அவர்கள் செய்தது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. கடிதம் எழுதியிருக்கிறார்கள், அனுப்பியிருக்கிறார்கள். அது என் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று யோசிக்கப்போய், இந்த ‘ரீகால்’ என்கிற சங்கதியே எப்போது, எப்படி ஆரம்பித்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் பி.காம்.காரன். இன்ஜினியர்கள் பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

சஸ்பென்ஷன் என்றால் என்ன?

நம்மில் பலருக்கு சஸ்பென்ஷன் என்றால் குலுங்காமல் போவதற்கான ஏற்பாடு. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர். அது பாதி உண்மைதான். சக்கரத்தை அது இருக்கவேண்டிய இடத்தில், இருக்கவேண்டிய கோணத்தில் பிடித்து வைத்திருப்பதும் சஸ்பென்ஷன்தான். அதற்காகவே லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், பின்பக்கக் குறுக்குச் சட்டம், அவற்றை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகள் எல்லாம்.

மாட்டுவண்டி ஓட்டிய தாத்தாக்களுக்கு இது நன்றாகவே தெரியும். வண்டி கிளம்புமுன் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். விரல் நீள இரும்புதான். அது கழன்றால் சக்கரம் தனியாகப் போகும், வண்டி குடை சாயும். காரில் அந்தக் கடையாணி அடியில், கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே அது சரியில்லை என்றால் செய்தவன்தான் சொல்லவேண்டும். அவனைச் சொல்லவைப்பதற்கு எத்தனை பாடுபடவேண்டியிருந்தது என்பதுதான் ரீகாலின் வரலாறு.

ஒரு கார், ஒரு வக்கீல்

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1959 இறுதியில் செவர்லே கார்வேர் என்ற காரைக் கொண்டுவந்தது. இன்ஜின் பின்பக்கம். பின் சக்கரங்களுக்கு ‘ஸ்விங் ஆக்ஸில்’ என்ற அமைப்பு. அந்த அமைப்பில் வளைவில் வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் எழும்பினால், சக்கரம் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். மடங்கினால் டயரின் பிடி குறையும், வண்டி சுழலும், சில சமயம் உருளும்.

இதற்கு நிறுவனம் சொன்ன வழி டயர் காற்றில் இருந்தது. முன் டயருக்கு 15, பின் டயருக்கு 26 என்று அழுத்தம் வைக்கவேண்டும். சாதாரண ஆள் என்ன செய்வார்? பெட்ரோல் பங்க்கில் நான்கு டயருக்கும் ஒரே அளவு அடித்துக்கொண்டு போவார். சாய்வைக் குறைக்கும் ஒரு இரும்புக் கம்பியை ஆரம்பத்திலேயே போட்டிருந்தால் நிலைமை மேலாக இருந்திருக்கும் என்பதுதான் பின்னால் எழுந்த முக்கியமான குற்றச்சாட்டு. செலவு சில டாலர்கள்தான். 1964 மாடலில் அதைப் போட்டார்கள். பின் சஸ்பென்ஷனிலும் ஒரு குறுக்கு ஸ்பிரிங் சேர்த்தார்கள். 1965 மாடலில் பின் சஸ்பென்ஷனையே மாற்றிவிட்டார்கள். ஆனால் 1960 முதல் 1963 வரை வாங்கியவர்களுக்கு? அவர்களுக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. எழுதச் சொல்லி அப்போது சட்டம் இல்லை.

1965 நவம்பரில் ரால்ஃப் நேடர் என்ற 31 வயது வக்கீல் ஒரு புத்தகம் வெளியிட்டார். எந்த வேகத்தில் போனாலும் ஆபத்து என்று பொருள் தரும் தலைப்பு. முதல் அத்தியாயமே கார்வேர் பற்றித்தான். புத்தகத்தை எதிர்த்து வாதாடியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தனியார் துப்பறிவாளர்களை விட்டு நேடரின் சொந்த வாழ்க்கையைத் தோண்டியது. அது வெளியே வந்து, 1966 மார்ச்சில் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னால் வந்து மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று. நேடர் தொடுத்த வழக்கு 1970-ல் 4,25,000 டாலருக்குச் சமரசமானது. அந்தப் பணத்தையும் அவர் நுகர்வோர் வேலைக்கே செலவிட்டார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாகவேண்டும். 1972-ல் அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்பு அமைப்பு 1960–63 கார்வேரைச் சோதித்து, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட இது அதிகம் தடுமாறக்கூடியது என்று சொல்லமுடியாது என அறிக்கை கொடுத்தது. ஆகவே ‘கார்வேர் கொலைகாரக் கார்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது சரியாக இருக்காது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில் கார் வைத்திருந்தவரிடம் யாருமே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யாருக்கு எழுதவேண்டும்?

1966 செப்டம்பர் 9 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பாதுகாப்பைப் பாதிக்கும் குறை தெரிந்தால் உற்பத்தியாளர் வாகன உரிமையாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற கடமை அதில்தான் வந்தது.

சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறிவிப்பை யாருக்கு அனுப்பவேண்டும்? வண்டியை முதலில் வாங்கியவருக்கு. அவரிடமிருந்து வாங்கியவருக்கும் அனுப்பவேண்டும், ஆனால் வாரண்டி அவர் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தால்தான். அதாவது வாரண்டி முடிந்த பிறகு பழைய வண்டியாக வாங்கியவர் கணக்கிலேயே வரமாட்டார். 1966-ன் சட்டப்படி பார்த்தால் என் கடிதம் சரியாகப் பீளமேட்டுக்குத்தான் போயிருக்கிறது!

இன்னொரு ஓட்டையும் இருந்தது. தெரிவிக்கவேண்டும் என்றுதான் சட்டம் சொன்னதே தவிர, இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும் என்று சொல்லவில்லை. ‘உங்கள் வண்டியில் ஆபத்து இருக்கிறது, செலவு உங்களுடையது’ என்று எழுதினாலும் கடமை முடிந்தது. பல நிறுவனங்கள் தாங்களாகவே இலவசமாகச் செய்தன. ஆனால் அது அவர்கள் விருப்பம்.

இந்த இரண்டு ஓட்டைகளையும் 1974-ல் கொண்டுவந்த திருத்தம் அடைத்தது. அறிவிப்பு, மாநிலப் பதிவேட்டில் இப்போது யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் போகவேண்டும். குறையை உற்பத்தியாளர் தன் செலவில் நீக்கவேண்டும். எட்டு ஆண்டு வரையிலான வண்டிகளுக்கு இது பொருந்தும் என்று வைத்தார்கள். பிறகு அது பத்தாகி, 2015 சட்டத்தில் பதினைந்து ஆண்டானது.

அதே காலத்தில் ஒரு வழக்கும் நடந்தது. 1960–65 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் லாரிகள் சிலவற்றில் சக்கரங்கள் உடைந்தன. நிறுவனத்தின் வாதம்: வாங்கியவர்கள் அளவுக்கு மீறி பாரம் ஏற்றினார்கள், அதற்கு நாங்கள் என்ன செய்வது? 1975-ல் வாஷிங்டனிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அப்படியே ஏற்கவில்லை. சாதாரணமாக மக்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று எதிர்பார்க்கமுடியுமோ, ஓரளவு அதிக பாரம் உட்பட, அதையும் தாங்கும்படிதான் செய்யவேண்டும் என்றது. ஐந்து பேர் போகிற காரில் ஏழு பேரும் ஒரு மூட்டை அரிசியுமாகப் போகிற நம் ஊரில் இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் எழுதி ஒட்டலாம்.

சட்டம் பல் முளைத்தபின் எண்ணிக்கை எகிறியது. 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸ், 1978 முதல் 1981 வரையிலான நடுத்தரக் கார்களை அமெரிக்காவில் மட்டும் சுமார் 58 லட்சம் திரும்ப அழைத்தது. காரணம், பின் சஸ்பென்ஷனின் கைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் உடையக்கூடும் என்பது. வண்டிக்கு இரண்டு போல்ட். கடையாணிக் கதையேதான்.

யோகோஹாமா

சட்டம் இருந்தால் போதுமா? ஜப்பானில் ரீகால் முறை 1969-லேயே வந்துவிட்டது. ஆனாலும் நடந்ததைப் பாருங்கள்.

2000-ம் ஆண்டு கோடையில் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பெயர் போடாத ஒரு தகவல் வந்தது. அதை வைத்துக்கொண்டு மிட்சுபிஷி மோட்டார்ஸில் சோதனை போட்டார்கள். வாடிக்கையாளர் புகார்க் கோப்புகள் லாக்கர் அறையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. அரசுக்குக் காட்ட ஒரு கோப்பு, தங்களுக்கு ஒரு கோப்பு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 1977-லிருந்தே இப்படி நடந்துவந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. புகார் கொடுத்தவர் வண்டியை மட்டும் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். அதே குறையோடு ஓடிக்கொண்டிருக்கும் மற்றவர்களிடம் சொல்லமாட்டார்கள். ஜப்பானிய மொழியில் இதற்கு ‘இருட்டுப் பழுதுபார்ப்பு’ என்கிற பொருளில் ஒரு சொல்லே உண்டு. நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். இனி ஒழுங்காக இருப்போம் என்றார்கள்.

2002 ஜனவரி 10. யோகோஹாமா நகரில் மிட்சுபிஷி கனரக வாகனம் ஒன்றின் முன் சக்கரம் ஓட்டத்திலேயே கழன்றது. சுமார் 140 கிலோ எடை. நடைபாதையில் தன் இரண்டு சிறு பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்த 29 வயதுத் தாயின் மேல் மோதியது. அந்தப் பெண் இறந்துபோனார். பிள்ளைகளுக்குக் காயம்.

சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் ‘ஹப்’ என்ற பாகம் உடைந்திருந்தது. நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? லாரி உரிமையாளர் சரியாகப் பராமரிக்கவில்லை, அதனால் தேய்ந்து உடைந்தது என்று. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதையே சொன்னார்கள். ஹப் உடைந்த சம்பவங்கள் அதற்கு முன்பே பல நடந்திருந்தன. கடைசியில் 2004 மார்ச்சில்தான் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைத்தார்கள். முன்னாள் உயர் அதிகாரிகள் கைதானார்கள். தரப் பிரிவில் பொறுப்பில் இருந்த இரண்டு பேர் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை 2012-ல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் இருபது வருடமாகக் கணக்குப் பார்க்கிறவன். ஒரு திட்டத்தில் வட்டியைத் தப்பாகக் கணக்கிட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் வந்து சத்தம் போடுகிற ஒருவருக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே திட்டத்திலுள்ள மற்ற எண்ணூறு பேரைப் பற்றிப் பேசாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அந்த ஒருவர் திருப்தியாகப் போய்விடுவார். தணிக்கைக்காரர் கண்ணில் படாதவரை ஒன்றும் ஆகாது. லாக்கர் அறையில் கோப்பை வைத்தவர்கள் யாரும் ராட்சசர்களாக இருந்திருக்கமாட்டார்கள். காலையில் டிபன் டப்பாவோடு வேலைக்கு வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிற நம்மைப் போன்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். பயமே அதுதான்.

உப்பு தின்ற அச்சு

இன்னொரு கதை, சின்னதாக. ஃபோர்டு நிறுவனம் 2010-ல் 1998–2003 மாடல் வின்ட்ஸ்டார் வேன்களை அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்துச் சுமார் 5.75 லட்சம் திரும்ப அழைத்தது. பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் பின் அச்சில் தங்கி, அரித்து, அச்சு முறிந்துவிடக்கூடும்.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், இது நாடு முழுக்க வந்த அழைப்பு அல்ல. உப்புத் தூவும் மாநிலங்களின் வண்டிகளுக்கு மட்டும். வண்டி எந்த ஊரில் விற்கப்பட்டது, இப்போது எந்த ஊரில் பதிவாகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் கணக்கு. ஊர்விட்டு ஊர் போகிறவனுக்கு அவனுடைய பதிவுப் புத்தகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

மறைமலைநகர்

இனி நம் நாடு. சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் போனவர்களுக்கு மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலை தெரிந்திருக்கும். 2010-ல் அங்கே செய்து வெளிவந்த ஃபிகோ நன்றாக விற்றது. எங்கள் பேங்க்கிலேயே எத்தனையோ பேருக்குக் கடன் கொடுத்திருக்கிறோம்.

இந்தியாவில் அப்போது ரீகாலுக்கென்று சட்டம் கிடையாது. வண்டியில் குறை தெரிந்தால் சர்வீஸுக்கு வரும்போது பேச்சு மூச்சில்லாமல் மாற்றிவிடுவது என்பது ஊரறிந்த பழக்கம். 2012 ஜூலையில்தான் வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான ‘சியாம்’ ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. ஏழு ஆண்டு வரையிலான வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் தாமாக முன்வந்து அறிவிப்போம் என்று. கட்டாயம் அல்ல, அவர்களே போட்டுக்கொண்ட விதி.

அதே மாதம் ஃபோர்டு இந்தியா 1,28,655 ஃபிகோ, ஃபியஸ்டா கிளாசிக் கார்களைத் திரும்ப அழைத்தது. பிறகு 2013 செப்டம்பரில் 1,66,021 கார்கள். இந்தியாவில் ஒரு நிறுவனம் அதுவரை செய்த மிகப் பெரிய ரீகால் என்று பத்திரிகைகள் எழுதின. சோதிக்கவேண்டிய பாகங்கள் இரண்டு. ஒன்று பவர் ஸ்டியரிங் குழாய். மற்றது பின் சஸ்பென்ஷனில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ‘ட்விஸ்ட் பீம்’ என்கிற குறுக்குச் சட்டம். 2015-ல் சென்னையில் செய்த ஈகோஸ்போர்ட் கார்கள் 16,444 அதே குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுக்காக அழைக்கப்பட்டன. 2018-ல் 4,379 ஈகோஸ்போர்ட்டுகள், முன்பக்க லோயர் ஆர்ம் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. 2017 மே, ஜூன் இரண்டே மாதங்களில் செய்தவை.

இதைப் படித்துவிட்டு ‘ஐயையோ, அந்தக் கம்பெனி மோசம்’ என்று நினைப்பது இயல்பு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யோகோஹாமாவைப் படித்தபிறகு மாற்றிக்கொண்டேன். லட்சக்கணக்கில் செய்கிற பொருளில் எங்காவது ஒரு வெல்டிங் தவறத்தான் செய்யும். பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று எண்ணிக்கையோடு சொன்னவனைவிட, ஒரு ரீகாலுமே அறிவிக்காமல் ‘எங்களிடம் குறையே இல்லை’ என்று இருப்பவனைப் பார்த்துத்தான் நாம் அதிகம் யோசிக்கவேண்டும். வாராக்கடனே இல்லை என்று சொல்லும் கிளையைப் பார்த்தால் எங்கள் தணிக்கைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதே கணக்குத்தான்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஓட்டுபவருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைவிக்கும் குறை என்றால் மத்திய அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகள். வண்டி எவ்வளவு விற்றிருக்கிறது என்பதைப் பொறுத்து, இத்தனை புகார் வந்தால் விசாரணை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அரசு கட்டாயப்படுத்தி அழைக்கவைத்தால் அபராதம், ஒரு கோடி ரூபாய் வரை. தானே குறையைக் கண்டு தானே சொன்னால் அபராதம் இல்லை. அமெரிக்கா 1966-ல் எடுத்த முதல் அடிக்கு நாம் வர 55 வருடம் ஆகியிருக்கிறது. போகட்டும், வந்தோமே.

மறுபடியும் அந்தக் கடிதம்

ஆனால் எந்தச் சட்டமும் ஒரு இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. கடிதம் வீட்டுக்கு வந்து சேரவேண்டுமே!

பேங்க்கில் திரும்பி வரும் தபால்களைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு வைப்போம். ‘வீடு பூட்டியுள்ளது’, ‘விலாசதாரர் சென்றுவிட்டார்’ என்று தபால்காரர் எழுதிய கவர்கள். வருடக் கடைசியில் அந்தப் பெட்டியைத் திறந்தால், ஊர்விட்டு ஊர் போனவர்களின் பட்டியல் அப்படியே கிடைக்கும். அந்தப் பெயர்களில் நம்மவர்கள் பெயரும் நிறைய இருக்கும். மாற்றல், வாடகை வீடு, மறுபடி மாற்றல். ஊரில் வாங்கிய வண்டியைப் பழைய ஊர் விலாசத்திலேயே ஓட்டுவது. அல்லது என்னைப்போல் மாற்றலாகிப் போகிறவரிடம் வாங்கிக்கொள்வது.

நான் செய்த தப்பு எது என்று உட்கார்ந்து யோசித்தேன். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றினேன். கோவையிலிருந்து வந்த தடையில்லாச் சான்றை வைத்து மகாராஷ்டிரா எண் வாங்கினேன். ஹைப்பாதிகேஷனை நீக்கினேன். இன்ஷூரன்ஸை மாற்றினேன். எல்லாம் பேங்க்காரன் புத்தியோடு ஒழுங்காகச் செய்தேன். கார் கம்பெனியிடம் மட்டும் ‘இப்போது வண்டி என்னிடம் இருக்கிறது’ என்று சொல்லவில்லை. அவர்கள் புத்தகத்தில் வண்டி இன்னும் பீளமேட்டில்தான் நின்றுகொண்டிருந்தது. வாரண்டி முடிந்துவிட்டது என்பதால் சர்வீஸும் தெருமுனை மெக்கானிக்கிடம்தான். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஒரு தடவை போயிருந்தால்கூட சேஸிஸ் நம்பரைத் தட்டியவுடன் தெரிந்திருக்கும்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். கம்ப்யூட்டரில் எண்ணைப் போட்ட பையன் நிமிர்ந்து பார்த்து, “பாக்கி இருக்கிறது சார்” என்று இந்தியில் சொன்னான். இரண்டு மணி நேரம். பில்லில் தொகை பூஜ்யம். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு. நன்றாக இருந்ததா, கெட்டிருந்ததா என்று என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் அவர்கள் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “ஏங்க, அப்ப தீபாவளிக்குப் போனப்பவும் அதோடதான் போனோமா?” என்று கேட்டாள். “ஆமா” என்றேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆர்.சி. புத்தகத்தை எடுத்து சேஸிஸ் நம்பரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதிவெண் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சேஸிஸ் நம்பர் மாறாது. வருடம் இரண்டு தடவை அதைக் கம்பெனி இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, ரீகால் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வண்டி வாங்கினால் அன்றைக்கே உங்கள் பெயரையும் விலாசத்தையும் கம்பெனியிடம் பதிந்துவிடுங்கள். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். அடிக்கடி மாற்றலாகும் அரசு, பொதுத்துறை ஆட்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஆட்களுக்கும் 2021 செப்டம்பரிலிருந்து ‘பி.எச்.’ வரிசை எண் இருக்கிறது. ஆனால் எந்த எண் வாங்கினாலும் விலாசத்தை மாற்றவேண்டியது நாம்தான். வண்டியை விற்றவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கடிதம் வந்தால் குப்பையில் போடாமல் வாங்கியவருக்கு ஒரு போன்.

குவஹாத்திக்கு நானும் ஒரு போன் போட்டேன். அவர் அங்கே போனதும் வேறொருவரிடம் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். “சார், முதல்ல சேஸிஸ் நம்பர் சொல்லுங்க” என்றேன். சிரித்தார். ஆனால் சொன்னார்.

பீளமேட்டு வீட்டு ஓனரம்மாவை நான் பார்த்ததில்லை. தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கவரை ஒன்றரை வருடம் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர். 1966 சட்டமும் 2019 சட்டமும் செய்யவேண்டியதை எனக்குச் செய்துகொடுத்தவர் அவர்தான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சேலத்திலிருந்து வண்டியைக் கோவைப் பக்கம் திருப்பி, நாக்பூர் ஆரஞ்சு பர்ஃபி ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.